நிலத்துக்கும் மாதம் உண்டு: மரக்காணம் உப்பளத்தாருக்கு ஒரு திறந்த மடல்



நகர் ஊரமைப்புப் படிப்பில் ‘ஸ்டுடியோ’ என்றொரு பாடம் உண்டு. ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு, நடந்து பார்த்து, அங்கே இருப்பவர்களிடம் கேட்டு, வரைபடம் போட்டு, அடுத்த இருபது ஆண்டுக்கு அந்த இடத்தில் எது வரலாம், எது கூடாது என்று சொல்ல வேண்டும். எங்கள் குழுவுக்கு வாய்த்தது உங்கள் கடற்கரை. அந்த அறிக்கையின் நன்றியுரைப் பக்கத்தில் துறைத்தலைவர் முதல் வேன் ஓட்டுநர் வரை எல்லோரும் இருந்தார்கள். உங்களுக்கு ஒரே வரி. இன்று நகரமைப்புத் தொழிலிலேயே சம்பளம் வாங்குகிற எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

முதலில் நீங்கள் காட்டியது சரிவு. உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் பாமே கணக்கில் கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. அது பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கிறது. 29, 30 டிகிரி ஆனதும் மிஞ்சிய நீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையென்றால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும். இத்தனை பயணமும் கண்ணுக்கே தெரியாத சரிவில் நடக்கிறது. வரப்பில் எங்கே வாய் வெட்டினால் நீர் எந்தப் பாத்திக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் மடிக்கணினியில் இருந்த செயற்கைக்கோள் உயரப் படமோ மீட்டர் கணக்கில்தான் பேசும். விரல்கடை வித்தியாசத்தில் ஓடும் உப்பளம் அதில் ஒரே நிறத்தில் கிடந்தது.

கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்கள் பொதுவாக 1:25,000 அளவில் வருகின்றன. தாளில் ஒரு சென்டிமீட்டர், தரையில் 250 மீட்டர். உங்கள் வரப்பு, உப்பு அம்பாரம் போடும் மேடு, லாரி வந்து திரும்பும் இடம் எதுவும் அதில் விழாது. படத்தில் இல்லாததைக் காலி இடம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் தொழிலின் பழைய வியாதி. பட்டாவும் சர்வே எண்ணும் தெரிகிற 1:4,000 அளவுக்கு இறங்கினால்தான் உங்களோடு பேசவே முடியும்.

ஆனால் எந்த அளவில் வரைந்தாலும் பிடிபடாத ஒன்றை நீங்கள் சொன்னீர்கள்: மாதம். தை தொடங்கி புரட்டாசி வரை உப்பு விளைகிற அதே நிலம், வடகிழக்குப் பருவமழையில் நீர்ப்பரப்பு. எங்கள் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் ஒரு துண்டு நிலத்துக்கு ஒரு நிறம்தான். ஐப்பசியில் அது என்ன நிறம் என்று கேட்க அங்கே கட்டமே கிடையாது. வேலையில்லாத அந்த மாதங்களுக்கு அரசு உங்கள் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. ஆக, கருவூலத்துக்குத் தெரிந்த காலண்டர் வரைபடத்துக்குத் தெரியவில்லை!

அந்த மழைநீர் எங்கிருந்து வருகிறது என்று தேடிப் போனபோதுதான் ‘வட்டாரத் திட்டமிடல்’ என்பது எனக்கு வெறும் தேர்வுத்தாளாக இல்லாமல் போனது. திண்டிவனம், வானூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழிந்து கழுவெளி என்ற ஈரநிலத்துக்கு வருகின்றன. கழுவெளி நிரம்பினால் எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகக் கடல். 2021 டிசம்பரில் கழுவெளி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதே கழிமுகத்தின் இரு கரைகளிலும் மீன்பிடித் துறைமுகம் கட்டும் திட்டம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. மேற்கே ஓர் ஏரிக்கால்வாயைத் தூர்த்தாலும், கிழக்கே முகத்துவாரத்தில் கைவைத்தாலும், நடுவில் இருக்கும் உங்களுக்குத்தான் கேடு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது திண்டிவனத்துக்கு அருகே மயிலத்தில் மட்டும் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அவ்வளவு நீரும் வடிய வழி வேண்டும். அந்த வழியைக் குறிக்காத திட்டம், எத்தனை வண்ணத்தில் அச்சிட்டாலும், திட்டமல்ல.

பேட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் சென்னையில் நகரமைப்புக் கண்காட்சி நடத்தினார். முதலில் ஊரைப் படி, பிறகு திட்டம் போடு என்பது அவர் வலியுறுத்தியது. நாங்கள் அதைப் பாடமாக எழுதித் தேறினோம். ஊரைப் படிப்பது எப்படி என்று காட்டியவர்கள் நீங்கள்.

இந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மாணவர்களைச் சித்திரையில் ஒருமுறை கூட்டி வந்தால், கார்த்திகையில் இன்னொரு முறையும் கூட்டி வாருங்கள். அதிகாரிகளுக்கும் ஒன்று: கருத்துக்கேட்புக் கூட்டத்தை உப்பு வாரும் நாளில் மாவட்டத் தலைநகரில் வைத்தால், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? உப்பு இல்லாத மாதத்தில், மரக்காணத்திலேயே, கிராம அளவுப் படத்தை விரித்து வையுங்கள்.

அண்ணன்மார்களே, அக்காமார்களே, அடுத்த முறை காகிதச் சுருளோடு பிள்ளைகள் வந்தால் அவர்கள் கேள்விக்குப் பதில் மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். படத்தைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீர் நிற்கிற இடத்தை அதிலேயே பேனாவால் குறித்துக் கொடுங்கள்.