சூட்டில் 32

என் தம்பி கார்களின் வேகத்தைக் கூட்டித் தரும் தொழிலைச் செய்கிறான். கோவை சிங்காநல்லூரில் அவனுக்கு ஒரு பட்டறை உண்டு. அப்பா வார்ப்படச் சாலையில் மோல்டராக இருந்தவர். அவருடைய கைத்திறன் தம்பிக்குப் போயிற்று. எனக்கு நல்ல கையெழுத்து மட்டும் வாய்த்தது; அதை வைத்துக்கொண்டு தமிழ் விரிவுரையாளன் ஆனேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்ட தம்பியை நான் பல ஆண்டுகள் குறைவாகவே மதித்திருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2018ஆம் ஆண்டின் இறுதியில் அவனிடம் ஒரு ஜப்பானியக் கார் வந்தது. இரண்டு இருக்கைகள், ஆறு சிலிண்டர், பின்சக்கரங்களால் உந்தப்படுவது. அதன் சொந்தக்காரர் ஓர் ஆலை முதலாளியின் மகன். விமான ஓடுதளங்களில் நடக்கும் நேர்கோட்டு ஓட்டத்திலும் அந்தக் கார் ஓட வேண்டும், செட்டிப்பாளையம் பந்தயத் தடத்தில் சுற்றிச் சுற்றியும் ஓட வேண்டும் என்று கேட்டார். “ரெண்டும் ஒண்ணா வராதுங்க. ரெண்டு செட்டிங் வெச்சுத் தர்றேன், மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்” என்று தம்பி சொன்னான். அவர் ஒப்புக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரு கோப்பில் எழுதித் தரச் சொன்னார்.

“அண்ணா, நீங்க எழுதிக் குடுங்க. உங்க எழுத்துல இருந்தா மரியாதையா இருக்கும்” என்றான் தம்பி. எண்ணெய்க் கறை படிந்த அவனுடைய நோட்டு என் மேசைக்கு வந்தது.

அந்த நோட்டைப் படிப்பதற்காகவே நான் சில மாலைகள் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். நேர்கோட்டு ஓட்டத்தின் தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். நின்ற நிலையிலிருந்து புறப்படும் இத்தகைய கார் அதை 13 விநாடிகளை ஒட்டிக் கடந்துவிடும். புறப்படும் கணத்தில் காரின் எடை பின்னோக்கிச் சாய்கிறது. உந்துவது பின்சக்கரம் என்பதால் அந்தச் சாய்வு வரவேற்கத் தக்கது. ஆகவே முன்பகுதி தாராளமாக எழும்பும்படி விடுகிறார்கள். பின்டயர்களில் காற்றைக் குறைத்து அவை தரையில் அகலப் படியுமாறு செய்கிறார்கள். முன்டயர்களுக்கு உருள்வதைத் தவிர வேறு வேலையில்லை என்பதால் அவற்றில் காற்றை இறுக்கி நிரப்புகிறார்கள்.

வளைவுகள் நிறைந்த தடத்தில் இந்த நியாயங்கள் ஒன்றுகூடச் செல்லுபடியாவதில்லை. பிரேக் பிடித்தால் எடை முன்னால் பாய்கிறது. திரும்பினால் வெளிப்பக்கச் சக்கரங்களின்மேல் விழுகிறது. அதனால் சக்கரத்தின் தலையை உட்பக்கமாக இரண்டரை, மூன்று டிகிரி சாய்த்து வைக்கிறார்கள். வளைவில் உடல் வெளிப்புறம் சாயும்போது டயர் நிமிர்ந்து முழுவதுமாகத் தரையில் பதியும். அதே சாய்வோடு நேராக ஓடினால் டயரின் உள்விளிம்பு மட்டுமே சுமை தாங்கும். கால் மைல் ஓட்டத்துக்கு அது கேடு.

என்னை வியக்க வைத்தது எண்ணெயின் கதை. 13 விநாடிகளில் எஞ்சின் எண்ணெய்க்குப் பெரிதாக ஒன்றும் நேர்ந்துவிடாது. தடத்தில் 20 நிமிடம் ஓடினால் அது கொதித்து இளகி, உலோகங்களுக்கிடையே நிற்கும் வலுவை இழக்கிறது. நீண்ட வளைவில் வேறோர் ஆபத்தும் உண்டு. அடிக்கலத்தில் இருக்கும் எண்ணெய் முழுவதும் ஒருபக்கமாக ஒதுங்கிவிட, பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. சில நொடிகள் போதும், பேரிங்குகள் தேய்ந்து எஞ்சின் போய்விடும். தம்பி அடிக்கலத்துக்குள் தடுப்புத் தகடுகளைப் பற்றவைத்தான். முன்னால் ஆயில் கூலர் ஒன்றைப் பொருத்தினான். கால் மைல் ஓட்டத்துக்கு அந்தக் கூலர் வெறும் சுமை.

எரிபொருள் கலவையையும் அவன் விளக்கினான். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது வேதியியல் கணக்கு. முழு வேகத்தில் அந்தக் கணக்கின்படி போனால் எஞ்சின் சூடு தாங்காது. காற்றை 13 பங்கை ஒட்டிக் குறைக்கிறார்கள். காரை டைனோவின் உருளைகள்மேல் ஏற்றி ஓடவிட்டு, காதில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு, சிலிண்டருக்குள் கலவை நேரம் தப்பி வெடிக்கும் மெல்லிய தட்டல் கேட்கிறதா என்று கண்மூடி நின்றுகொண்டிருப்பான். கோயிலில்கூட அவனை நான் அப்படிப் பார்த்ததில்லை.

கோப்பை ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுதி முடித்தேன். டயர்களைப் பற்றித் தம்பி எழுதியிருந்தது இது: “முன் 32 பின் 32, சூட்டுல. ஆரம்பம் 26 போதும். உள்ள வந்ததும் பாத்து எறக்கணும்.” ஒரே சக்கரத்துக்கு இரண்டு எண்கள் இருக்க முடியாதே என்று நினைத்தேன். சுவடிகளில் பாடவேறுபாடு பார்த்த பழக்கம். பொருந்தும் பாடத்தைக் கொண்டு மற்றதை விடுத்தேன். “சூட்டுல” என்பது மிகை என்று தோன்றிற்று. “காற்றழுத்தம்: முன் 32, பின் 32” என்று அழகாக எழுதினேன். நன்னூலின் பத்துக் குற்றங்களை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவன் நான். மிகைபடக் கூறலுக்கு அஞ்சியவன், அந்தப் பட்டியலில் அதற்கு முன்னால் நிற்கும் குன்றக் கூறலில் விழுந்தேன்.

செட்டிப்பாளையம் தடம் காரிவர்தனின் பெயரால் அமைந்தது. மாருதி எஞ்சினை வைத்து ஃபார்முலா கார்களை இந்த ஊரிலேயே உருவாக்கிய அவர் 1995இல் விமான விபத்தில் இறந்தார். அந்த நிலமேகூட முதலில் சிறு விமானங்களின் ஓடுதளத்துக்காக எண்ணப்பட்டதுதான். அங்கு சென்னைக்காரர்கள் சோழவரத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். அதுவும் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஓடுதளம். நம் நாட்டில் வேகம் ஏனோ விமானங்கள் விட்டுப்போன இடங்களிலேயே குடியேறியிருக்கிறது.

2019 சனவரியில் ஒரு காலை அங்கே போனோம். தம்பி ஆயில் கூலரின் குழாய்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்க, உதவிக்கு வந்த பையன் என் கோப்பைப் பார்த்து நான்கு டயர்களிலும் 32 வைத்தான். மூன்றாவது சுற்றில் ஒரு வளைவில் காரின் பின்புறம் நழுவியது. அது இரண்டுமுறை சுழன்று, புழுதியைக் கிளப்பிக்கொண்டு, டயர்களை அடுக்கிய தடுப்புச் சுவருக்குச் சில அடி முன்னால் நின்றது. அந்த இளைஞர் இறங்கி நின்றபோது அவருடைய கைகள் நடுங்கின. என் கைகளும்தான்.

தம்பி அளவியை எடுத்துப் பின்டயரில் வைத்தான். 39 காட்டியது. ஓடஓடச் சூட்டில் காற்று விரிகிறது. 26இல் தொடங்கியிருந்தால் 32 பக்கம் வந்து நின்றிருக்கும். 39இல் டயர் நடுவில் பிதுங்கி, ஓரங்கள் தரையைவிட்டு எழும்பிப் பிடிப்பு போய்விடுகிறது. அவன் பையனிடம் ஏதோ கேட்டான்; பையன் கோப்பை நீட்டினான். தம்பி அந்தப் பக்கத்தைப் படித்தான், மூடினான்.

“என் தப்புங்க. காத்து நான்தான் பாத்திருக்கணும்” என்று அவரிடம் சொன்னான். அவர் திட்டினார். தர வேண்டிய மீதித் தொகையை நிறுத்திக்கொண்டார். டைனோவுக்காக வாங்கிய கடனின் இரண்டு தவணைகள் அந்தத் தொகையில்தான் அடங்கியிருந்தன. நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். “எழுதியவன் நான்” என்ற சொற்கள் வாய்வரை வந்தும் வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் ஒண்டிப்புதூர் தாண்டியபின் கேட்டேன், ஏன் அப்படிச் சொன்னாய் என்று.

“நீங்க எழுதுனதுல தப்பு என்னங்கண்ணா, 32ந்தானே. நான் ஒருக்காப் படிச்சுப் பாத்திருக்கோணும். உங்க எழுத்துன்னு அப்படியே குடுத்துட்டேன்.”

அந்த இரண்டு தவணைகளை நான் கட்டினேன். முதலில் மறுத்தான், பிறகு வாங்கிக்கொண்டான். அந்தக் கார் பிறகு அவனிடம் வரவில்லை.

கோப்புகளை இப்போதும் நான்தான் எழுதுகிறேன். நான்கு சக்கரங்களுக்கும் நான்குமுறை ‘சூட்டில்’ என்று எழுதுவேன். ஒருமுறை போதுமே என்று சிரிப்பான், நான் கேட்பதில்லை. சென்ற வாரம் வகுப்பு முடியும் நேரத்தில் கைப்பேசியில் அழைத்தான், ஓர் எஞ்சினின் வால்வு இடைவெளியைக் குறித்துக்கொள்ளச் சொல்லி. மாணவர்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். சாக்கட்டியாலேயே கரும்பலகையின் ஓரத்தில் எண்ணை எழுதிவிட்டு, “குளிர்ந்த எஞ்சினிலா, சூட்டிலா?” என்று கேட்டேன்.

“குளிர்லதானுங்கண்ணா” என்றான். அதையும் எழுதினேன்.