நேரம் அறிந்த பாட்டு

கல்யாண வரவேற்புக்குக் கச்சேரி வைப்பதென்று முடிவானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, ‘எந்த மாதிரிப் பாட்டு?’ என்பதுதான். பழசா, புதுசா, மெலடியா, குத்தா என்று பெரியவர்களும் பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். எனக்கென்னவோ, எந்த நேரத்துக்கு எந்தப் பாட்டு என்றுதான் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நம் கோயில் நாதஸ்வரக்காரர்களுக்கு இது தெரியும். விடியலில் பூபாளம், சாமி புறப்பாட்டுக்குக் கம்பீரநாட்டையில் மல்லாரி, பள்ளியறைக்கு நீலாம்பரி. கல்யாண மேடையில் தவில்காரரின் ஒரு கண் எப்போதும் ஐயர் கைமேலேயே இருக்கும். அந்த விரல் அசைந்ததும், வாசித்துக்கொண்டிருந்த கீர்த்தனையைப் பாதியில் விட்டுவிட்டுக் கெட்டிமேளம் பிடித்துவிடுவார்.

எங்கள் கிளியனூர்ப் பக்கம், நேரம் பார்த்து வாசிக்கும் இந்தக் கலைக்கு வேறு பள்ளிக்கூடங்களும் உண்டு. திரௌபதி அம்மன் திருவிழா என்றால் விடிய விடியத் தெருக்கூத்து. ஆர்மோனியம், மிருதங்கம், முகவீணை, கைத்தாளம், இவ்வளவுதான் கருவிகள். கட்டியக்காரன் வந்தால் ஒரு நடை, திரைக்குப் பின்னாலிருந்து துரியோதனன் வெளிப்பட்டால் வேறு நடை. சலங்கைக்கால் நிற்கிற இடத்தில் மிருதங்கமும் நின்றாக வேண்டும். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது பம்பைக்காரரைக் கவனியுங்கள். கூட்டத்தில் யாருக்குச் சாமி வரப்போகிறது என்று முகத்தை வைத்தே கண்டுபிடித்து, அவர் எதிரில் போய் நின்று அடியை ஏற்றுவார். எதிரில் இருக்கும் மனிதரைப் பார்த்து வாசிப்பதுதான் இந்த வித்தைகளுக்கெல்லாம் உயிர். எந்த வகை இசை என்பது அதற்கு அப்புறம்தான்.

ஊர்வலத்துக்கு வரும் பேண்டு செட்டு பட்டாள வழியில் வந்தது. மணலியில் இருந்த காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு மெட்டுகளைக் கேட்டுத்தான் முத்துசுவாமி தீட்சிதர் நோட்டுஸ்வர சாகித்யங்களைச் செய்தார். பட்டாளத்து மெட்டில் சமஸ்கிருதப் பாட்டைப் பொருத்தியவரை நினைத்தால், கிளாரினெட்டில் சினிமாப் பாட்டு வாசிக்கிறார்களே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

மெல்லிசைக் குழுக்களின் காலமும் பெருமைக்குரியதுதான். பாவலர் வரதராசனும் தம்பிகளும் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடியதும், எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் கச்சேரிகளில் இளையராஜா வாசித்ததும், 1976இல் அவர் இசையில் ‘அன்னக்கிளி’ வந்ததும் ஒரே தொடர்ச்சி. கேட்பவர்கள் எந்த இடத்தில் நிமிர்கிறார்கள் என்பதை அந்த மேடைகள் இளையராஜாவுக்குச் சொல்லித் தந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றில் பார்த்தது மனதில் நிற்கிறது. புதுச்சேரியிலிருந்து வந்த குழு. பிள்ளையார் பாட்டு முடிந்து, பெரியவர்கள் பந்திக்குப் போய்வரும் நேரத்தில் விஸ்வநாதன் – ராமமூர்த்தி காலத்துப் பாட்டுகளாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். பேசுகிறவர்கள் பேசலாம், கேட்கிறவர்கள் கேட்கலாம் என்கிற சத்தம். பெண்ணும் மாப்பிள்ளையும் வாசலுக்கு வந்தபோது ஒரு எண்பதுகளின் பாட்டு இரண்டாவது சரணத்துக்கு முந்தைய இசையில் இருந்தது. பட்டுப்புடவையின் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பெண் மெல்லத்தான் நடந்தது. கீபோர்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்த இசைத் துண்டையே திரும்ப வாசித்தார். தபேலாக்காரர் அடக்கி வாசித்தார். புல்லாங்குழல் தானாக ஏதோ கோத்துச் சேர்த்தது. பெண் படியேறி மேடையில் நின்று கும்பிட்ட பிறகுதான் பாடகர் சரணத்தை எடுத்தார். வந்திருந்தவர்களில் பாதிப் பேர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். அந்தப் பெண்ணின் கல்யாண வீடியோவில் அது காலத்துக்கும் இருக்கும்.

குரல் இல்லாமல் பதிவு செய்து வைத்த மைனஸ் டிராக்குக்கு இது வராது. அது தன் கணக்குப்படி சரணத்துக்குப் போய்விடும். பதினைந்து பேர் வாசித்த இடத்தில் இன்று ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேடு, ஒரு லேப்டாப் போதும் என்கிறார்கள். செலவு மிச்சம், உண்மைதான். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியவரிடம் போய் ஆளைக் குறைக்காதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. நகைக்கும் மேடை அலங்காரத்துக்கும் யோசிக்காமல் செலவழிக்கிறவர்களிடம் தாராளமாகச் சொல்வேன்: தபேலாவுக்கும் குழலுக்கும் இரண்டு ஆட்களைக் கூடுதலாகக் கேளுங்கள்.

குத்துப்பாட்டும் வேண்டும். இளவட்டங்கள் ஆடாத கல்யாணம் என்ன கல்யாணம்! சாவு வீட்டுக்கென்று ஒதுக்கி, தெருவுக்குள் விடாமல் வைத்திருந்த பறை இன்று கல்யாண மேடையில் நடுநாயகமாக நின்று ஒலிப்பதைக் கேட்கும்போது எனக்குக் கண் கலங்குகிறது. ஆனால் சாப்பாடு முடிந்து, கைக்குழந்தைக்காரர்கள் கிளம்பிய பிறகு ஆடட்டும். ஏழு மணிக்கே பாக்ஸ் நெஞ்சில் இடித்தால், வெகு தூரத்திலிருந்து வந்த சித்தப்பாவிடம் ‘எப்ப வந்தீங்க?’ என்றுகூடக் கேட்க முடிவதில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று வரம்பு வைத்திருக்கின்றன. மூடிய அரங்குக்கு வெளியே இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்றும் சொல்கின்றன. பத்து மணிக்கு முடிக்க வேண்டுமானால் ஆட்டத்துக்கு ஒன்பது மணியிலிருந்தே இடம் விட வேண்டும். நல்ல குழுத் தலைவர் அதற்கேற்பப் பாட்டு வரிசையை முன்கூட்டியே போட்டுவிடுவார். ‘இந்தப் பாட்டு இப்பவே வேணும்’ என்று வரும் சீட்டுகளைச் சிரித்தபடி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேரம் வரும்போது எடுப்பார்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கச்சேரி முடிந்து, ஒயரைச் சுருட்டி, பெட்டிகளை வேனில் ஏற்றிவிட்டுக் குழுவினர் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரும்போது பெரும்பாலும் ரசமும் மோரும்தான் மிச்சம். மேடையேறுமுன் ஆறரை மணிக்கே அவர்களை உட்காரவைத்து முதல் பந்தியில் இலை போட்டுவிடுங்கள்.