சேவல் கூவிய பிறகு

நீர்கொழும்புக் கரையோரத்தில் உள்ள எங்கள் ஊரில், நான் சிறுவனாக இருந்த காலத்தில், தவக்காலம் முடிவடையும் வேளையில் பாஸ்கா காட்டுவார்கள். ஊரே திரண்டு வந்து மணலில் அமர்ந்து பார்க்கும். எனக்கு அதில் மிகவும் பிடித்தவர் யேசுவாக நடித்தவரல்லர். திரைக்குப் பின்னால் மறைந்து நின்று சேவலாகக் கூவிய மீனவர் ஒருவர்தான். பேதுருவை நாங்கள் அன்று இராயப்பர் என்றே அழைப்போம். இராயப்பர் மூன்றாம் முறையும் மறுதலித்த பின்னரே சேவல் கூவ வேண்டும். ஒரு வருடம் அந்த மனிதர் அவசரப்பட்டு, முதல் மறுதலிப்பு முடிந்தவுடனேயே கூவிவிட்டார். சனங்கள் சிரித்தார்கள். இராயப்பராக நடித்தவர் மட்டும் சிரிக்கவில்லை. எஞ்சிய இரண்டு மறுதலிப்புகளையும் ஒழுங்காகச் சொல்லி முடித்து, சேவல் மீண்டும் கூவும் வரை காத்திருந்து, அதன் பிறகே அழுதார்.

மாற்கு எழுதிய நற்செய்தியில் சேவல் இரண்டு முறை கூவுகிறது என்பதைப் பிற்காலத்தில்தான் கவனித்தேன். எங்கள் ஊர்ச் சேவல் அப்படியொன்றும் பெரிய பிழை விட்டுவிடவில்லை.

பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தச் செய்தியைப் படித்தாலும், இது யார் மூலமாக வெளியே வந்தது என்று மனம் கேட்கும். தலைமைக் குருவின் முற்றத்தில் அந்தக் குளிர் இரவில் நடந்த சம்பவத்தை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். சீடர்களில் பெரும்பாலோர் தப்பி ஓடிவிட்டிருந்தார்கள். இன்னொரு சீடர் இராயப்பரை உள்ளே அழைத்துச் சென்றதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. ஆயினும் நெருப்பண்டை நின்று என்ன பேசினார், வெளியே போய் எப்படி அழுதார் என்பதையெல்லாம் அவரைவிட யார் நன்றாக அறிந்திருக்க முடியும்? மாற்கு, இராயப்பர் நினைவுகூர்ந்து கூறியவற்றையே எழுதினார் என்று 2ஆம் நூற்றாண்டின் ஆயரான பப்பியாஸ் குறிப்பிட்டதாக, 4ஆம் நூற்றாண்டின் வரலாற்றாசிரியர் யுசேபியஸ் பதிந்து வைத்திருக்கிறார். அப்படியாயின், தன்னுடைய மிகப் பெரிய வெட்கத்தைத் தானே ஊரறியச் சொன்னவர் இராயப்பர். திருச்சபையின் தலைவர் என்று மதிக்கப்பட்ட காலத்திலும் அந்தச் செய்தியை அவர் தணிக்கை செய்யவில்லை.

இதை நான் உணர்ந்த நாளிலிருந்து என் மனத்தில் ஒரு முள் இருக்கிறது. ஏனென்றால் என்னிடமும் ஒரு முற்றத்துக் கதை இருக்கிறது. இன்று வரை நான் அதை எழுதியதில்லை.

1983 ஜூலை 25, திங்கட்கிழமை. கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒப்புநோக்காளனாகச் சேர்ந்து இரண்டு வருடங்கள் கூட ஆகவில்லை. நகரில் கடைகள் எரிகின்றன என்ற செய்தி வந்ததும் எங்களை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். என்னோடு பஸ்ஸில் ஏறியவர் முதிய அச்சுக்கோப்பாளர் ஒருவர். யாழ்ப்பாணத்தவர், சைவர். ஈய எழுத்துகளைத் தலைகீழாகவே வாசிக்கக் கூடியவர். என் பிழைகளை ஆசிரியரிடம் காட்டிக் கொடுக்காமல், தாமே அச்சில் திருத்திவிட்டுப் பிறகு என்னிடம் மெல்லச் சொல்லுபவர்.

வழியில் பஸ்ஸை மறித்தார்கள். தடிகளோடு ஏறியவர்கள் முகங்களைப் பார்த்தார்கள். சந்தேகம் வந்தவர்களைப் பேசச் சொன்னார்கள். அந்த நாட்களில் தமிழரை அடையாளம் காண்பதற்கு, வாளியைக் குறிக்கும் 'பால்திய' என்ற சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்வார்கள் என்பது பலருக்கும் தெரிந்த விடயம். அச்சொல்லின் முதலெழுத்து மெலிந்து ஒலிக்க வேண்டும். தமிழ் நாவில் அது வல்லோசையாக வந்துவிடும். கரையோரத்தில் இரண்டு மொழிகளோடும் வளர்ந்த எனக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. அவருக்கு வரவில்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைக் கண்ட ஒருவன், "இவன் உன்னோடு வந்தவனா?" என்று சிங்களத்தில் கேட்டான்.

தெரியாது என்றேன், நல்ல சிங்களத்தில்.

அவரைக் கீழே இழுத்தார்கள். பஸ் புறப்பட்டுவிட்டது.

இராயப்பரையும் அவருடைய பேச்சே காட்டிக் கொடுத்தது என்று மத்தேயு எழுதுகிறார். கலிலேயாக்காரரின் உச்சரிப்பு எருசலேமில் மறைக்க முடியாதது. அவரை அவருடைய நாக்கு காட்டிக் கொடுத்தது. என்னை என்னுடைய நாக்கு காப்பாற்றியது. அவர் பயந்ததற்காவது காரணம் இருந்தது. என் உயிருக்கு அந்தக் கணத்தில் உண்மையில் ஆபத்து இருந்ததா என்று இன்று வரை எனக்குத் தெளிவில்லை. "எங்கள் ஊர்க்காரர்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விட்டிருப்பார்களோ என்னவோ. பயம் கணக்குப் பார்ப்பதில்லை என்பார்கள். என் அனுபவம் வேறு. பயம் மிக விரைவாகக் கணக்குப் பார்த்துவிடுகிறது. மனச்சாட்சிதான் பிந்தி வருகிறது.

சில நாட்களின் பின்னர், அவர் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருப்பதாகத் தெரிய வந்தது. அடித்துப் போட்டவரை வீதியோரத்துச் சிங்களப் பெண்ணொருவர் வீட்டினுள் இழுத்து மறைத்து வைத்திருக்கிறார். போகாமல் இருப்பதற்கு எனக்கு நூறு காரணங்கள் இருந்தன. எந்தத் துணிவில் போனேன் என்று தெரியாது. பாணும் ஒரு சாரமும் வாங்கிக் கொண்டு போனேன். மன்னிப்புக் கேட்பதற்காக வழி நெடுக வசனங்களைத் தயாரித்திருந்தேன்.

கையில் கட்டுடன் ஒரு வகுப்பறையின் சுவரோரமாக அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும், நான் வாய் திறக்க முன்னரே, "தம்பி, வந்திட்டீரே? என்ர கண்ணாடி உடைஞ்சு போச்சு. வீட்டுக்கு ஒரு கடிதம் எழுத வேணும். நான் சொல்லச் சொல்ல எழுதித் தாறீரே?" என்றார்.

எழுதினேன். தாம் சுகமாக இருப்பதாகச் சொன்னார். பிள்ளைகளைப் பயப்பட வேண்டாம் என்றார். பிறகு, "கந்தோரில என்னோட வேலை செய்யிற தம்பி ஒருத்தர் எனக்குத் துணையாய் இருக்கிறார்" என்று எழுதச் சொன்னார். என் கை நின்றுவிட்டது. அவர் என்னைப் பார்க்காமல், "எழுதும்" என்றார். அவ்வளவுதான். பஸ்ஸைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை. கப்பலில் காங்கேசன்துறைக்குப் புறப்படும் வரை பேசவுமில்லை. அதன் பின்னர் நான் அவரைச் சந்திக்கவில்லை.

யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரத்தை இப்போது படிக்கும் போதெல்லாம் அந்த வகுப்பறைச் சுவர்தான் நினைவுக்கு வருகிறது. உயிர்த்தெழுந்த யேசு ஏரிக்கரையில் கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக் கொண்டு காத்திருக்கிறார். கரி நெருப்பு என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. இராயப்பர் மறுதலித்தபடி குளிர்காய்ந்த முற்றத்தில் ஒன்று. இந்தக் கரையில் மற்றொன்று. அதே புகை மணம் அவருக்கு எதை நினைவூட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே விசாரணை நடக்கவில்லை. ஏன் அப்படிச் செய்தாய் என்ற கேள்வி எழவில்லை. என்னை அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்கப்படுகிறது. மூன்று முறையும் ஆடுகளைக் கவனிக்கும் வேலை கொடுக்கப்படுகிறது. பலவீனம் நீங்கிவிட்டதா என்று சோதித்துப் பார்த்த பிறகு கொடுத்த வேலையன்று அது. அந்தப் பலவீனம் தெரிந்தே கொடுத்த வேலை.

பலவீனம் நீங்கவுமில்லை. அந்தியோக்கியாவில் இராயப்பர் யூதரல்லாதவர்களோடு ஒன்றாக உண்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அவர்களுக்கு அஞ்சி ஒதுங்கிக் கொண்டார். சின்னப்பர் அவரை நேருக்கு நேர் கண்டித்ததாகக் கலாத்தியருக்கு எழுதிய திருமுகத்தில் குறிப்பிடுகிறார். இத்தனைக்கும் தூய ஆவியைப் பெற்றவர். சிறைக்குப் போய் வந்தவர். அதே பழைய பயம், வேறொரு பந்தியில் மீண்டும் வந்து உட்கார்ந்து கொள்கிறது. அவர் மீண்டும் எழுந்து நடந்தார். உரோமாபுரியில், நீரோ மன்னனின் காலத்தில், அவர் இரத்தச் சாட்சியாக மரித்தார் என்பது திருச்சபையின் மரபு. விழாத மனிதரை நாம் அவரில் காணவில்லை. விழுந்த இடத்தில் நிரந்தரமாகக் குடியிருக்க மறுத்தவரையே காண்கிறோம்.

நமது மண்ணிலும் இதற்குச் சான்றுண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடை செய்தார்கள். பலர் அஞ்சி வெளியே புரட்டஸ்தாந்தராகவும் வீட்டுக்குள்ளே கத்தோலிக்கராகவும் வாழ்ந்தார்கள். 1687இல் கோவாவிலிருந்து யோசேப்பு வாஸ் அடிகளார் கூலியாள் வேடத்தில் வந்து சேர்ந்தார். வந்தவுடனேயே கடும் வயிற்றோட்டத்தில் விழுந்தார். தேறியதும் கழுத்தில் செபமாலையோடு வீடு வீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அந்த மாலையைக் கண்டு எவருடைய கண் கலங்குகிறதோ அவரைத் தேடியே அவர் வந்திருந்தார். அஞ்சி ஒளித்தவர்களை அவர் கைவிடவில்லை. அவர்களை வைத்தே திருச்சபையை மீண்டும் கட்டினார். 2015 ஜனவரி 14இல் காலிமுகத்திடலில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்ட போது, அந்தக் கூட்டத்தில் நின்ற நான், ஒளித்திருந்து கண் கலங்கிய அந்த மனிதர்களைத்தான் நினைத்துக் கொண்டேன். அவர்களுடைய பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

என் கதைக்கு வீரமான முடிவு கிடையாது. அதன் பிறகும் பல முறை பயந்திருக்கிறேன். அச்சிட வேண்டிய வரிகளை என் கையாலேயே வெட்டியிருக்கிறேன். ஆனால் ஒன்றை மாத்திரம் செய்ய முயன்றேன். காணாமற்போன பிள்ளைகளின் படங்களோடு தாய்மார் எங்கள் கந்தோருக்கு வரத் தொடங்கிய வருடங்களில், செய்தியாகப் போட முடிந்ததோ இல்லையோ, அவர்களை இருக்கச் சொல்லி, சொல்வதைக் கேட்டு, அனுப்ப வேண்டிய மனுவை எழுதிக் கொடுப்பேன். எல்லா நாட்களிலும் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். களைப்பிலும் எரிச்சலிலும் திருப்பி அனுப்பிய முகங்களும் நினைவில் உண்டு. கீழ்ப்படிதல் என்றால் ஏதோ மலையேறும் காரியம் என்று இளமையில் எண்ணியிருந்தேன். ஒருவர் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவதும் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு நாள், மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்துக் கொண்டிருந்த போது அந்த முதியவரின் பெயர் கண்ணில் பட்டது. ஊர்ப் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. திருத்தினேன். அவருக்காக நான் செய்த கடைசி வேலை அது.

முகாமில் நான் எழுதிய அந்த வசனம், எழுதிய வேளையில் பொய். அது பொய் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். நாற்பது வருடங்களுக்கு மேலாகியும் அதை உண்மையாக்குவதற்கே முயன்று கொண்டிருக்கிறேன்.