மடி நிறைந்த நடை

பலகையில் பெஸ்தாரி ஜெயா என்று எழுதியிருந்தாலும் எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்சுந்தைதான். 1917-இல் மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் இந்தப் பக்கம்தான். மாலை ஐந்தரை மணி. செம்பனை நிரைகளுக்கு நடுவே செம்மண் சாலை. ஓரத்துப் பாலக்கட்டையில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒரு பையன் சாலையில் குப்புறப் படுத்திருக்கிறான். கைப்பேசியைத் தரையோடு தரையாகப் பிடித்திருக்கிறான். மேய்ச்சல் முடிந்து மாடுகள் வருகின்றன. முகத்தை அவன் பார்க்கவில்லை, குளம்புகளையே பார்க்கிறான்.

அவன் மோட்டார் சைக்கிள் இருக்கையில் லேப்டாப் திறந்திருக்கிறது. திரையில் சாம்பல் நிறத்தில், அவன் உருவாக்கும் கொம்பு வைத்த ஒரு கற்பனை மிருகம் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருக்கிறது. நொடிக்கு 24 சட்டகம். கடைசிச் சட்டகம் முதல் சட்டகத்தோடு தையல் தெரியாமல் சேர வேண்டும். அப்போதுதான் ஒரு சுற்று நடையை எத்தனை மைலுக்கும் ஓட்டலாம். சேர்ந்துதான் இருக்கிறது. ஆனாலும் அந்த மிருகத்துக்கு எடையே இல்லை. காற்றடைத்த பை போல மிதக்கிறது.

மாடு அப்படியா நடக்கிறது? இடது பின்னங்கால், இடது முன்னங்கால், பிறகு வலது பின், வலது முன். எந்த நொடியிலும் குறைந்தது இரண்டு கால் மண்ணில் ஊன்றியிருக்கும். மாட்டுக்குக் காறை எலும்பு கிடையாது; தோள்பட்டையைத் தசைதான் உடம்போடு கட்டி வைத்திருக்கிறது. முன்னங்காலில் பாரம் இறங்கும்போதெல்லாம் தோலுக்கடியில் அந்த எலும்பு மேலே எழும்புகிறது. பையன் அதைக் கண்டுவிட்டான். எழுந்து போய்த் திரையில் தோளைத் திருத்துகிறான். ஊன்றிய கால் இம்மியளவு சறுக்கினாலும் பார்ப்பவர் கண் பொய்யைப் பிடித்துவிடும். அதனால் ஒவ்வொரு சட்டகமாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறான்.

1878-இல் கலிபோர்னியாவில் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை நிறுத்திக் குதிரையின் ஓட்டத்தைப் பிடித்தார். 'லைஃப் ஆஃப் பை' படத்துப் புலி பெரும்பாலும் கணினியில் பிறந்தது. அதைச் செய்தவர்களும் உயிருள்ள புலிகளைப் பார்த்துத்தான் செய்தார்கள். அந்தப் புலியை உருவாக்கி 2013-இல் ஆஸ்கர் வாங்கிய நிறுவனத்துக்கு மலேசியாவிலும் கிளை இருந்தது. கணினி எவ்வளவு பெரிதானாலும் நடையை மண்ணில்தான் கற்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியாக ஒரு சிவலை வருகிறது. பின்னங்கால்கள் வெளிப்பக்கம் வளைந்து வளைந்து விழுகின்றன. பையன் முகம் சுருங்குகிறது. பின்னால் வந்த பாட்டியிடம் கேட்கிறான்.

"பாட்டி, இதுக்குக் கால்ல அடிபட்டிருக்கா?"

"இல்லய்யா. மடி நெறஞ்சிருக்கு, பாரு. இடிக்கும்னு கால அகட்டி அகட்டி வைக்குது. கறந்துட்டா வேற மாதிரி நடக்கும்."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. திரையில் மிருகத்தின் வயிற்றடியைப் பார்க்கிறான். அங்கே ஒன்றுமில்லை, அது எதையும் சுமக்கவில்லை.

"கறந்த பிறகு ஒரு தடவை நடக்க விடுவீங்களா, பாட்டி?"

பாட்டி தலையசைத்துவிட்டு வாளியோடு மாட்டின் பக்கத்தில் குந்துகிறார். பையன் லேப்டாப்பை மூடுகிறான். இருட்டுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கிறது. கைப்பேசியைத் துடைத்துக்கொண்டு, அதே செம்மண்ணில் திரும்பவும் படுக்கிறான்.