கடல் கடந்த குடும்பம்

"மிஷனரி" என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருபவர்கள் குருக்களும் கன்னியருமே. தாய் தந்தையரைப் பிரிந்து, தனியராய் வந்து, தொண்டு செய்து, வந்த மண்ணிலேயே கண் மூடியவர்கள் அவர்கள். ஆனால், மனைவி மக்களோடு கப்பலேறி வந்த மிஷனரிகளும் உண்டு. புராட்டஸ்டண்டு சபைகளைச் சேர்ந்த அவர்களுடைய பிள்ளைகள் நம் ஊர்களில் பிறந்து, நம் ஊர் வெயிலில் வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகள் எப்படி வாழ்ந்தார்கள்? அவர்களுக்கும் நம்மைப் போல் கோடை விடுமுறை உண்டா?

இக்கேள்விகள் எனக்குள் எழக் காரணம் உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்து நான் விடுதி மாணவி. அப்பா குவைத்தில் வேலை பார்க்கிறார். சில ஆண்டுகளாக அம்மாவும் தம்பியும் அங்கேதான் இருக்கிறார்கள். நாங்கள் நால்வரும் ஒரே கூரையின் கீழ் கூடுவது ஆண்டுக்கு ஒரு முறை, விடுமுறையில்தான்.

நம் நூலகத்தில் டாக்டர் ஐடா ஸ்கடரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் படித்தேன். வேலூர் மருத்துவமனையை நிறுவியவர் என்ற அளவில்தான் அதுவரை அவரை நான் அறிந்திருந்தேன். அவரும் பெற்றோரைப் பிரிந்து வளர்ந்த ஒரு சிறுமி என்பதை அந்நூலில்தான் கண்டேன்.

ஐடாவின் தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர் 1819-ஆம் ஆண்டு மனைவி ஹாரியட்டோடு அமெரிக்காவிலிருந்து புறப்பட்டவர். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவத் தொண்டு புரிந்து, 1836-இல் சென்னைக்கு வந்தார். அவருடைய ஆண்மக்களில் எழுவர் மிஷனரிகளாயினர்! அவர்களுள் ஒருவரின் மகளாக, ஐந்து அண்ணன்மாருக்குப் பின் பிறந்த ஒரே தங்கையாக, 1870-இல் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார்.

மிஷன் பங்களா என்றால் தடித்த சுவர்கள், உயர்ந்த கூரை, அகன்ற தாழ்வாரம் என்று அரண்மனை போல நாம் எண்ணுவோம். ஆனால் அந்தத் தாழ்வாரம் வீட்டாருக்கு உரியதாக இருந்ததே இல்லை. பொழுது விடியுமுன் நோயாளிகளும், மனு எழுத வந்தவர்களும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வந்தவர்களும் அங்கே கூடிவிடுவார்கள். தந்தை மாட்டு வண்டியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்விடுவார். தாய்க்குப் பெண் பிள்ளைகளின் பள்ளி, தையல் வகுப்பு, மருந்து கொடுத்தல் என்று ஓயாத வேலை. குழந்தைகள் ஆயாவின் இடுப்பிலேறித் தமிழ் பேசக் கற்றார்கள்.

அந்த வீட்டுக் குழந்தைக்கு ஊரின் துன்பமும் மறைவாக இருக்கவில்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பங்களா வளாகத்தில் கூடிய பசித்த குழந்தைகளுக்கு ஐடாவும் ரொட்டி கொடுத்தாள். வாங்கி உண்ணவும் வலுவில்லாத குழந்தைகளின் வாயில் அவளே ஊட்ட வேண்டியிருந்ததாம். அப்போது அவளுக்கு ஏழு வயது இருக்கலாம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை!

இனி விடுமுறையைச் சொல்கிறேன். சமவெளியின் வெயிலும் காலராவும் அந்நியக் குடும்பங்களை வாட்டின. மதுரையில் தொண்டாற்றிய அமெரிக்க மிஷனரிகள் பலர் அடுத்தடுத்து இறந்தார்கள். ஆகவே உயிர் பிழைக்க வேண்டியே 1845-இல் சுமார் 7,000 அடி உயரத்தில், கோடைக்கானலில், இரண்டு வீடுகளை அவர்கள் எழுப்பினார்கள். இன்று நாம் உல்லாசப் பயணம் போகும் ஊர் அப்படித்தான் தொடங்கியது. பின்னர் நம் இயேசு சபைக் குருக்களும் அம்மலைக்குச் சென்றார்கள். செண்பகனூரில் அவர்களுடைய திரு இருதயக் கல்லூரி 1895-இல் எழுந்தது.

மோட்டார்ப் பாதை வருவதற்கு முன் அந்தப் பயணமே ஒரு திருவிழா! கோடைக்கானல் ரோடு என்று இன்று நாம் அழைக்கும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, இரவெல்லாம் மாட்டு வண்டியில் மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். அங்கிருந்து சிலர் நடப்பார்கள். சிலர் மட்டக் குதிரையில் ஏறுவார்கள். தாய்மாரையும் குழந்தைகளையும் கூலியாட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்வார்கள். மேலே ஏற ஏறக் காற்று குளிரும். அங்கே போர்வை வேண்டும், கணப்பு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலையில் தாழ்வாரத்தில் கூட்டம் இராது. தந்தை பிள்ளைகளோடு உணவு மேசையில் அமர்வார். மாலையில் ஏரிக்கரைக்கு அழைத்துப் போவார். அந்தச் சில வாரங்கள் அவர் ஊருக்கெல்லாம் பொதுவானவர் அல்லர். பிள்ளைகளுக்கு மட்டுமே தந்தை. இதைப் படித்தபோது, எங்கள் அப்பா விடுப்பில் வந்ததும் முதல் வேலையாகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி அலமாரியில் வைப்பது என் கண்முன் வந்தது.

ஆனால் படிப்புக்கு உரிய வயது வந்ததும் பிள்ளைகளைத் தாய்நாட்டுக்கு அனுப்பிவிடுவதே அந்நாளைய வழக்கம். மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று கோடைக்கானலில் ஒரு பள்ளி 1901-இல்தான் தொடங்கியது. கோடையில் பெற்றோர் மேலே ஏறி வருவார்கள். குளிர்காலத்தில் பிள்ளைகள் கீழே இறங்குவார்கள். அதற்கு முந்திய தலைமுறைக்கு அந்த ஆறுதலும் கிடையாது. 1878-இல் ஐடாவின் குடும்பம் அமெரிக்கா திரும்பியது. 1882-இல் தந்தை மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அடுத்த ஆண்டு தாயும் உடன் சேரப் போய்விட்டார். ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டாள். தாய் பிரிந்த அன்று, அவர் படுத்திருந்த தலையணையில் முகம் புதைத்து அழுதாள் அச்சிறுமி. அவளுக்கு வயது பன்னிரண்டு. தான் ஒருநாளும் மிஷனரி ஆகப்போவதில்லை என்று அவள் உறுதி கொண்டதில் வியப்பென்ன?

அந்நாளில் கடிதம் கடல் கடக்கப் பல வாரங்கள் ஆகும். எனக்கோ ஞாயிறுதோறும் அம்மாவின் முகத்தைத் தொலைபேசித் திரையில் காண முடிகிறது. இது பெரும் பேறுதான். ஆயினும் திரையில் காணும் கை தலை வாரிவிடாது. காய்ச்சல் வந்த இரவில் எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தவர் விடுதிச் சமையலறை அக்காதான். அவர் தம் இரு பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்து எங்களுக்குச் சமைக்கிறார்.

அவரை எண்ணும்போதெல்லாம் பங்களாவின் ஆயாவையும் எண்ணுகிறேன். வெள்ளைக் குழந்தையை இடுப்பில் சுமந்த அந்த அம்மாவின் சொந்தப் பிள்ளையை யார் தூக்கினார்கள்? நாற்காலி சுமந்து மலையேறிய கூலியாட்களின் வீட்டில் விடுமுறை என்ற சொல்லாவது இருந்ததா? அவர்களுடைய பெயர்களை எந்த நூலிலும் நான் காணவில்லை.

ஐடாவின் பிற்கால வாழ்வை நீங்கள் அறிவீர்கள். நோயுற்ற தாயைக் கவனிக்க 1890-இல் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று வீட்டார் பிரசவ உதவி வேண்டிக் கதவைத் தட்டினார்கள். பெண் மருத்துவர் இல்லாமையால் மூன்று இளம்பெண்களும் இறந்தனர். அதுவே அவரை மருத்துவம் கற்க வைத்தது. 1900-இல் வேலூரில் பணி தொடங்கி, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி திறந்தார். அவருடைய தாய் தம் கடைசிக் காலம் வரை மகளோடு வேலூரில் வாழ்ந்தார் என்பதே எனக்கு அந்நூலில் மிகவும் பிடித்த செய்தி. இழந்த ஆண்டுகளில் சிலவேனும் இருவருக்கும் திரும்பக் கிடைத்தன அல்லவா! ஓய்வுபெற்றபின் ஐடா கோடைக்கானலில் வாழ்ந்து, 1960-இல் அங்கேயே காலமானார்.

படித்து முடித்தபின் எங்கள் விடுதிச் சகோதரியிடம் கேட்டேன்: "சிஸ்டர், பெரிய தொண்டு செய்பவர்கள் தம் பிள்ளைகளை அழவிடலாமா?" அவர் ஆப்பிரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் புறப்பட்ட அன்று என் அம்மா வாசல் வரை வரவில்லை. அடுப்படியிலேயே நின்றுகொண்டார். தியாகம் செய்தவள் நான் என்று எல்லாரும் பாராட்டினார்கள். அம்மாவை யாரும் பாராட்டவில்லை, அம்மா" என்றார்.

அன்புத் தோழியரே, நம்மில் பலருடைய தந்தையர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். சிலருடைய தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் நமக்காகவே போனார்கள் என்பது உண்மை. நமக்கு அது வலிக்கிறது என்பதும் உண்மை. ஒன்று மெய்யானதால் மற்றொன்று பொய்யாகிவிடாது. ஐடாவின் கண்ணீரும் மெய். வேலூரில் பிழைத்த தாய்மாரும் மெய்.

இம்மலரைப் படிக்கும் பெற்றோரிடம் ஒரு சிறு வேண்டுகோள். விடுமுறைக்கு வரும்போது பெட்டி நிறையப் பொருள் கொண்டுவர வேண்டாம். எங்களோடு அமர்ந்து உண்ணுங்கள். நாங்கள் பேசுவதைக் கேளுங்கள். நாங்கள் அழுதால், "உனக்காகத்தானே போகிறோம்" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். சற்று அழவிடுங்கள். பிறகு நாங்களே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வருவோம்.

— விடுதி மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு