ஹனௌமாவில் ஒரு காலடி

பவளம் என்றதும் தமிழ் படித்தவர் மனத்தில் எழுவது சிவப்பு நிறம். துகிர் என்னும் பழஞ்சொல் தொடங்கி இதழுக்குச் சொல்லும் உவமை வரை, அது மணியாகவும் நிறமாகவுமே நமக்குப் பழக்கம். அதை உயிருள்ள ஒன்றாக நாங்கள் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை, ஹவாயின் ஒவாஹு தீவிலுள்ள ஹனௌமா விரிகுடாவுக்குப் போகும்வரை.

ஹனௌமா ஒரு பழைய எரிமலை வாய். அதன் ஒரு பக்கச் சுவரைக் கடல் அரித்து உள்ளே புகுந்து, பிறைபோல் ஒரு விரிகுடாவை ஆக்கியிருக்கிறது. 1967-இல் அதைப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியாக அறிவித்து மீன்பிடிப்பைத் தடை செய்தார்கள். மீன்கள் பெருகின. அவற்றைப் பார்க்க மனிதர்களும் பெருகினார்கள். 1980களின் இறுதியில் சில நாட்களில் 10,000 பேர் வரை வந்திருக்கிறார்கள். ரொட்டியும் பட்டாணியும் கொண்டுவந்து மீன்களுக்கு ஊட்டினார்கள். காலடி கிளப்பிய மணல் நீரைக் கலக்கியது. தூண்டிலிலிருந்து காத்தவர்கள் பிறகு அன்பர்களிடமிருந்து காக்க வேண்டியதாயிற்று.

இன்று அங்கே போவது எளிதன்று. இரண்டு நாட்களுக்கு முன் காலை 7 மணிக்கு இணையத்தில் இடம் பதிய வேண்டும். சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். திங்களும் செவ்வாயும் விரிகுடாவுக்கு ஓய்வு. வெளியூராரான எங்களிடம் நபருக்கு 25 டாலர் வாங்கினார்கள். அதன் பிறகும் உடனே இறங்க முடியாது. 9 நிமிடப் படம் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அதன் சாரம்: பவளத்தின் மேல் நிற்காதீர்கள். அது கல்லன்று, உயிர்.

நாங்கள் கவனமாகப் பார்த்தோம். வகுப்பில் முதல் வரிசை மாணவர்களைப்போலத் தலையும் ஆட்டினோம்.

செங்குத்தான சாலையில் இறங்கி, வாடகைக்கு எடுத்த ஸ்நார்க்கல் கண்ணாடியையும் மூச்சுக்குழலையும் மாட்டிக்கொண்டு முகத்தை நீரில் கவிழ்த்தோம். எங்கள் இருவருக்கும் நீச்சல் அரைகுறை. ஆனால் கீழே தெரிந்ததைக் கண்டபின் அது நினைவில் இல்லை. நீலமும் பச்சையுமான கிளிமீன் ஒன்று பாறையைக் கொறிக்கும் ஓசை காதில் நன்றாகக் கேட்டது. அது கொறித்து விழுங்கும் சுண்ணாம்பே பிறகு வெண்மணலாக வெளிவருகிறதாம். நாங்கள் மிதியடி கழற்றி மெல்ல நடந்த கடற்கரையில் ஒரு பங்கு, மீன்களின் வயிற்றில் அரைபட்டது! பவளம் மட்டும் எதிர்பார்த்தபடி இல்லை. சிவப்பே கிடையாது. பழுப்பாக, காலிஃபிளவர் பூவைப்போலக் குவிந்து கிடந்தது. அந்தப் பழுப்பு, அதனுள் குடியிருந்து உணவு தரும் நுண்பாசிகளின் நிறம்.

அப்போதுதான் ஓர் அலை குழலுக்குள் புகுந்தது. உப்புநீர் தொண்டையை அடைத்த அக்கணத்தில் படமும் இல்லை, பாடமும் இல்லை. கால் தரையைத் தேடியது; அகப்பட்டதில் ஊன்றியது. ஏதோ நொறுங்குவதை உள்ளங்கால் உணர்ந்தது. கால் இருவரில் யாருடையது என்று இங்கே பிரித்துச் சொல்லப் போவதில்லை. இருவருக்கும் தெரியும்; இருவருமே அன்று பேசவில்லை.

மூச்சு சீரானதும் குனிந்து பார்த்தோம். விரல் நீளக் கிளை ஒன்று ஒடிந்து மணலில் கிடந்தது. முறிந்த இடம் வெள்ளை வெளேரென்றிருந்தது. சில ஆண்டுகளின் வளர்ச்சி அது. யாரும் பார்க்கவில்லை. கண்காணிப்போர் கூண்டிலிருந்து குரல் எதுவும் வரவில்லை.

கரையில் அமர்ந்து எங்களுக்கு நாங்களே வழக்குரைத்தோம். 2015-இல் கடல் சூடேறியபோது இவ்விரிகுடாவின் பவளங்களில் ஏறத்தாழப் பாதி வெளிறிப்போயினவே, அதன்முன் ஒரு காலடி எம்மாத்திரம்? வாதம் சரிதான். ஆனால் அந்த 10,000 பேரும் தத்தம் ஒரு காலடியைப் பற்றி அப்படித்தானே எண்ணியிருப்பார்கள்? 2020-இல் பெருந்தொற்றுக்காக ஒன்பது மாதம் மூடிக் கிடந்தபோது இங்கு நீர் முன்னைவிடத் தெளிந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நாம் வராதிருந்ததே அக்கடலுக்குக் கிடைத்த நல்ல விருந்தோம்பல்.

பவளம் கீறிய காயம் எளிதில் ஆறாது. எங்களுடையது ஆற இரண்டு வாரமாயிற்று. ஊர் திரும்பியபின் நண்பர்களுக்குக் காட்டிய படங்களில் நீலக்கடல் இருந்தது, கிளிமீன் இருந்தது. அந்த வெள்ளை முறிவு இல்லை.

அன்று மேலேறி வந்தபோது அடுத்த குழு படம் பார்க்கக் காத்திருந்தது. குழந்தைகள், முதியவர்கள், எங்களைப்போல் அரைகுறை நீச்சலுடன் சிலர். அவர்களிடம் சொல்ல ஒரே ஒரு செய்தி இருந்தது: நீரில் தடுமாறாமல் மிதக்கப் பழகிவிட்டு வாருங்கள், பழகாவிட்டால் மணல் தெரியும் இடத்தைத் தாண்டாதீர்கள். வெட்கத்தால் சொல்லாமல் கடந்து வந்துவிட்டோம். அதைத்தான் இப்போது இங்கே எழுதுகிறோம்.