மாஸ்க்கைப் பிடிம்மா

மயக்கவியலில் எம்.டி. சேர்ந்த புதிதில் எனக்கு ஒரே வெறி, டியூப் போட வேண்டும். லாரிங்கோஸ்கோப்பால் நாக்கை ஒதுக்கி, குரல்நாண் கண்ணில் பட்டதும் மூச்சுக்குழலுக்குள் குழாயை இறக்குகிற அந்த நொடிக்காகவே விடியற்காலையில் தியேட்டருக்கு ஓடுவேன். கூடப் படிக்கிறவர்களின் லாக் புக்கில் என்னைவிட நாலு டியூப் கூடுதலாக இருந்தால் அன்றைக்கு மெஸ்ஸில் சோறு இறங்காது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் முதலாண்டு பி.ஜி.க்கள் பலருக்கும் இந்த வியாதி உண்டு.

எங்கள் மேடமோ டியூபைக் கண்ணில் காட்ட மாட்டார். "மாஸ்க்கைப் பிடிம்மா" என்பார். சின்னக் கேஸ் என்றால் முழுவதையும் மாஸ்க்கிலேயே ஓட்டச் சொல்வார். இதில் கற்க என்ன இருக்கிறது என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

இருந்தது. இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க்கை வளைத்துப் பிடிக்க, மற்ற மூன்று விரல்களும் கீழ்த்தாடை எலும்பில் உட்கார வேண்டும். எலும்பில்தான், அதற்கு அடியிலுள்ள சதையை அழுத்தினால் நாக்கு மேலெழும்பிக் காற்றுப்பாதையே அடைத்துக்கொள்ளும். வலது கையில், அழுத்தி மூச்சுக் கொடுக்கிற பேக். பல்லில்லாத பாட்டி என்றால் கன்னம் குழிந்து காற்று கசியும். தாடிக்காரர் வந்தாலும் அதே கதைதான். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துப்போகும்.

தியேட்டர் டெக்னீஷியன் அண்ணன் ஒருவர் பாயில்ஸ் மயக்க மெஷினைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மேடம், மாஸ்க்கை மூஞ்சில வச்சு அமுக்காதீங்க. தாடையத் தூக்கி மாஸ்க்குக்குள்ள கொண்டாங்க." அன்றிரவு புத்தகத்தை விரித்தால் அதே விஷயம் ஒரு பக்கத்துக்கு இருந்தது.

மேடத்தின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. தூங்க வைக்கும் முன் 3 நிமிடம் ஆக்சிஜன் கொடுக்கிறோம். நுரையீரலிலிருந்த நைட்ரஜன் வெளியேறி, அந்த இடமெல்லாம் ஆக்சிஜன் நிறையும். பிறகு தசை தளர்த்தும் மருந்தில் மூச்சு நின்றாலும் ஆரோக்கியமான பெரியவர் ஏழெட்டு நிமிடம் வரை தாங்கலாம். அதைச் செய்யாவிட்டால் ஒரு நிமிடம் சொச்சம்தான். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் பருத்த உடம்புக்கும் குழந்தைக்கும் அவகாசம் வெகு குறைவு. டியூப் போகாததால் யாரும் சாவதில்லை. ஆக்சிஜன் போகாததால்தான் சாகிறார்கள். டியூப் ஏறாத நேரத்தில் முதலில் கை நீளுவது மாஸ்க்குக்குத்தான்.

ஒருநாள் மேடம் என்னை மானிட்டருக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். ஆக்ஸிமீட்டரின் 'பீப்' சுருதி, ஆக்சிஜன் குறையக் குறையத் தாழும். அதைக் காதாலேயே பிடிக்க வேண்டும். அதைவிட முந்திக்கொண்டு சொல்வது பேக். விரலில் மாட்டிய கருவிக்குச் செய்தி போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். பேக் இறுகினால் எங்கோ அடைப்பு, துவண்டால் கசிவு. கைக்கு அந்தக் கணமே தெரிந்துவிடும். எனக்கு அது பிடிபட மாதக்கணக்கானது. பிடிபட்ட பிறகு லாக் புக்கை எட்டிப் பார்க்கும் புத்தி எப்போது கழன்றதென்றே தெரியவில்லை.

இப்போது நான் உதவிப் பேராசிரியர். வீடியோ லாரிங்கோஸ்கோப்பில் தொண்டை முழுவதும் திரையில் தெரிகிறது. நல்ல சாமான், குறை சொல்ல மாட்டேன். ஆனாலும் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் மாஸ்க்தான். "அந்த மேடம் தியேட்டரா? டியூபே தர மாட்டாங்க" என்று டூட்டி ரூமில் பேசிக்கொள்வது என் காதிலும் விழுகிறது. போன வாரம் ஒரு பையன் நேராகவே கேட்டுவிட்டான், "எப்ப மேடம் தருவீங்க?" என்று.

"மொதல்ல இந்தப் பாட்டிக்கு நெஞ்சு எழும்பட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன்.